ஓபியாய்டு மீட்பு மருந்துக்கு இன்சூரன்ஸ் கைவிரித்தால்: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஹெராயின், ஃபென்டனில், சில வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மருந்தைப் பற்றித் தமிழில் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள், பாதிப் பேர் கேள்வியை முடிப்பதற்குள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டதையும் கேட்கத் தயங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்சூரன்ஸ் முதலில் சொல்லும் "இல்லை"யை யாரும் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், போராட வழி இருக்கிறது. ஆனால் அந்தப் போராட்டம் நடக்கிற நாட்களில் மருந்து ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம்?

புப்ரெனார்ஃபின், மெத்தடோன், நால்ட்ரெக்ஸோன், இந்த மூன்றும்தான். புப்ரெனார்ஃபினோடு நாலொக்ஸோன் சேர்த்து, நாக்குக்கு அடியில் வைக்கிற ஃபிலிமாகவோ மாத்திரையாகவோ வருவதைத்தான் எல்லாரும் சபாக்ஸோன் என்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மாத்திரைக்கு 2002-லும் ஃபிலிமுக்கு 2010-லும் அனுமதி கொடுத்தது. அதே புப்ரெனார்ஃபின் மாதம் ஒருமுறை போடும் சப்லொகேட் ஊசியாக 2017-லும், வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் பிரிக்ஸாடி ஊசியாக 2023-லும் வந்தது. நால்ட்ரெக்ஸோன் ஊசிக்குப் பெயர் விவிட்ரால்.

புப்ரெனார்ஃபினும் மெத்தடோனும் எடுக்கிறவர்களின் இறப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 2023-ல் மட்டும் அமெரிக்காவில் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 1,05,000 பேர், அதில் முக்கால்வாசி ஓபியாய்டால். எந்த மருந்துக்கு இன்சூரன்ஸ் கையெழுத்துப் போடத் தயங்குகிறது என்று யோசிக்கும்போது இந்த எண்ணை மறக்க முடியவில்லை.

"இன்சூரன்ஸில் போகவில்லை" என்று கவுண்டரில் சொல்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

உங்கள் மருந்துச் சீட்டை நாங்கள் கணினியில் ஏற்றி அனுப்பினால் சில விநாடிகளில் பதில் வரும். மறுப்பு என்றால் கூடவே ஒரு எண் வரும். 70 என்றால் அந்த மருந்தே அவர்கள் பட்டியலில் இல்லை. 75 என்றால் முன் அனுமதி வேண்டும், அதாவது டாக்டர் ஒரு படிவம் நிரப்பி அனுப்பி அவர்கள் சம்மதித்த பிறகுதான் காசு. 76 என்றால் அவர்கள் வைத்திருக்கும் அளவை மீறிவிட்டது. 79 என்றால் போன முறை வாங்கியது தீருவதற்கு முன்பே வந்துவிட்டீர்கள்.

இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், அவசரத்தில் "கவர் ஆகலை" என்று முடித்துவிடுவார்கள், நீங்களும் எல்லாம் போச்சு என்று வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எண் 70 ஆக இருந்தால் பல நேரம் ஃபிலிமுக்குப் பதில் மாத்திரை என்று டாக்டர் மாற்றி எழுதினாலே அன்றைக்கே முடிந்துவிடும். 75 என்றால் டாக்டர் ஆபீஸுக்கு உடனே போன். 76 என்றால்தான் உண்மையான மல்லுக்கட்டு, அதைக் கீழே சொல்கிறேன். மறுப்புச் செய்தியை அச்செடுத்துத் தரச் சொல்லியும் கேட்கலாம், அதில் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும் என்பதும் பெரும்பாலும் இருக்கும்.

நாளையோடு மருந்து தீர்கிறது, முன் அனுமதிக்கு இன்னும் பதில் வரவில்லை. என்ன செய்வது?

இதுதான் இருப்பதிலேயே முக்கியமான கேள்வி. புப்ரெனார்ஃபின் உடம்பில் கொஞ்சம் நேரம் தங்கும், ஆனாலும் ஓரிரு நாள் விட்டுப்போனால் வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, தூக்கமின்மை என்று ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் ஒருவர் பழைய போதைக்குத் திரும்பினால், உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும், வெளியில் கிடைப்பதோ ஃபென்டனில் கலந்தது. மருந்தை நிறுத்திய முதல் சில வாரங்களில்தான் இறப்பு அபாயம் மேலே ஏறுகிறது.

அதனால் முழுச் சீட்டுக்கும் காசு இல்லையென்றால் மூன்று நாளுக்கோ நாலு நாளுக்கோ மட்டும் கைக்காசு கொடுத்து வாங்குங்கள். இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. ஃபிலிம் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் ஒட்டி வருகிறது, பெட்டியைப் பிரித்து ஆறு உறை எண்ணிக் கொடுப்பதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. இந்த வகை மருந்தைப் பகுதி பகுதியாகக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது, மீதி சீட்டிலேயே இருக்கும். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட்டின் அட்டை இருந்தால் கைக்காசு வாங்குவதில் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு, ஆனால் அவர்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. முன் அனுமதிக் கோரிக்கைக்கு மெடிகெய்ட் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், அவசரமென்றால் 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கொடுக்க வழி செய்ய வேண்டும். இது கூட்டரசின் சட்டத்திலேயே இருக்கிறது. "எமர்ஜென்சி சப்ளை" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இரண்டுமே நடக்கவில்லை என்றால் மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போங்கள். சிகிச்சைக்கு ஏற்பாடு ஆகும்வரை மூன்று நாள் மருந்தை ஒரே தடவையில் கையில் கொடுத்தனுப்ப அவர்களுக்கு அனுமதி உண்டு. அப்புறம், போதைச் சிகிச்சைக்கான கூட்டரசு அமைப்பான சாம்சாவின் 1-800-662-4357 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, இலவசம், பக்கத்தில் எந்த கிளினிக் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஓபியாய்டு அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் நாலொக்ஸோன் மூக்குத் தெளிப்பான் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2023 முதல் அதைச் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

என்னென்ன காரணம் சொல்லி மறுக்கிறார்கள்?

அதிகம் பார்ப்பது அளவுத் தகராறு. டாக்டர் ஒரு நாளைக்கு 24 மி.கி. அல்லது 32 மி.கி. எழுதியிருப்பார், இன்சூரன்ஸ் 16-லோ 24-லோ கோடு போட்டு நிறுத்தும். மருந்தின் பழைய லேபிளில் 16 மி.கி.யை இலக்கு அளவு என்றும், 24-க்கு மேல் கூடுதல் பலன் நிரூபிக்கப்படவில்லை என்றும் எழுதியிருந்தார்கள், அதை அப்படியே உச்சவரம்பாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வாசகம் எழுதப்பட்டது ஃபென்டனில் தெருவுக்கு வருவதற்கு முன்பு. ஃபென்டனிலுக்குப் பழகிய உடம்புக்கு 16 மி.கி. போதாமல் போவதை டாக்டர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். கடைசியில் 2024 டிசம்பரில் எஃப்.டி.ஏ.யே அந்த லேபிளை மாற்றச் சொல்லிவிட்டது: அந்த எண்களை உச்சவரம்பாகப் படிக்கக் கூடாது, சிலருக்கு 24 மி.கி.க்கு மேலும் தேவைப்படலாம். உங்கள் மறுப்புக் கடிதத்தில் "பரிந்துரைக்கப்பட்ட அதிகபட்ச அளவு" என்று இருந்தால் அப்பீலில் முதல் வரியே இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது பிராண்டு. இந்த வருடம் ஃபிலிமுக்குக் காசு கொடுத்தவர்கள் ஜனவரி பிறந்ததும் மாத்திரைக்கு மட்டும் என்பார்கள், அல்லது ஜுப்சால்வ் என்ற வேறொன்றுக்கு மாறச் சொல்வார்கள். ஜுப்சால்வில் எண்கள் வேறு, 5.7 மி.கி. என்பது சபாக்ஸோனின் 8 மி.கி.க்குச் சமம், டோஸைக் குறைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பெரும்பாலோருக்கு மாறுவதால் பிரச்சினை இல்லை. ஆனால் வருடக்கணக்கில் ஒன்றில் நிலையாக இருப்பவரை விலைப் பட்டியலுக்காக அசைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாலொக்ஸோன் சேராத தனிப் புப்ரெனார்ஃபின் கேட்டால் கர்ப்பமா, ஒவ்வாமையா என்று கேட்பார்கள். இரண்டில் எது இருந்தாலும் டாக்டர் சீட்டிலேயே குறித்துவிடுவது நல்லது.

கவுன்சலிங் போனதற்கு அத்தாட்சி கொடு என்பது இன்னொன்று. கவுன்சலிங் நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது இல்லை என்பதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது என்று சாம்சாவின் வழிகாட்டியே சொல்கிறது. சிறுநீர்ச் சோதனையில் வேறு ஏதோ தென்பட்டது என்று மறுப்பது இதைவிட மோசம். நோயின் அறிகுறி தெரிகிறது என்பதற்காக நோய்க்கான மருந்தை நிறுத்துவதில் என்ன நியாயம்? சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது என்று யாருக்காவது இன்சுலினை நிறுத்துகிறார்களா?

சட்டம் யார் பக்கம்?

பெரும்பாலும் உங்கள் பக்கம், ஆனால் கேட்டால்தான். 2008-ல் வந்த மனநல சமத்துவச் சட்டத்தின்படி, மனநலத்துக்கும் அடிமைப் பழக்கத்துக்கும் காப்பீடு கொடுக்கும் திட்டம், மற்ற நோய்களுக்கு வைக்காத கெடுபிடியை இவற்றுக்கு மட்டும் வைக்கக் கூடாது. 2010-ல் வந்த ஒபாமாகேர் அந்தக் காப்பீட்டையே தனிநபர், சிறுநிறுவனத் திட்டங்களில் கட்டாயம் ஆக்கியது. கவனியுங்கள், முன் அனுமதியை அந்த 2008 சட்டம் தடை செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஒப்பீட்டை இன்சூரன்ஸ் திட்டங்கள் எழுத்தில் செய்து வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் மேலே பல மாநிலங்கள் இந்த மருந்துகளுக்கு முன் அனுமதியையே தடுத்தோ குறைத்தோ சட்டம் போட்டிருக்கின்றன.

கேட்டால் நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்ததே சாட்சி. அங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்த எரிக் ஷ்னைடர்மன், சபாக்ஸோன் போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்பதைச் சமத்துவச் சட்டத்தின் கண்ணாடி வழியே விசாரித்தார். 2016 அக்டோபரில் சிக்னா என்ற இன்சூரன்ஸ் நிறுவனம் அந்த நடைமுறையை நாடு முழுக்கக் கைவிடச் சம்மதித்தது. 2017 ஜனவரியில் ஆந்தம் நிறுவனமும் சம்மதித்தது. அந்த வருடம் மார்ச் முதல் ஏட்னாவும் விட்டுவிட்டது. மருந்தும் மாறவில்லை, மருத்துவமும் மாறவில்லை, ஒரு அரசு அலுவலகம் ஏன் என்று கேட்டது, அவ்வளவுதான்.

அப்பீல் எப்படிப் போடுவது? போட்டால் பலன் உண்டா?

உண்டு. ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசு இணையச் சந்தை வழியாக வாங்கும் திட்டங்களில் 2023-ல் மறுக்கப்பட்ட கிளெய்ம்களில் நூற்றுக்கு ஒன்றுகூட அப்பீலுக்குப் போகவில்லை. போனவற்றில் 44 சதவீதத்தில் நிறுவனமே தன் முடிவை மாற்றிக்கொண்டது. இது எல்லா நோய்க்கும் சேர்த்த கணக்கு. கேட்காமல் விடுகிறவர்கள்தான் பெரும்பான்மை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் இந்த மருந்துக்கு 180 நாளெல்லாம் காத்திருக்க முடியாது, அதனால் "அவசர அப்பீல்" என்று கேளுங்கள். காத்திருந்தால் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்று டாக்டர் சொன்னால் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவசரமென்றால் டாக்டரே உங்கள் சார்பில் அப்பீல் போடலாம். பட்டியலில் இல்லாத மருந்து என்றால் விதிவிலக்குக் கோரிக்கை என்று தனியாக ஒன்று இருக்கிறது, தனிநபர், சிறுநிறுவனத் திட்டங்களில் அதற்கு 72 மணி நேரம், அவசரத்துக்கு 24 மணி நேரம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. எத்தனை நாளாக எந்த அளவில் நிலையாக இருக்கிறார், குறைந்த அளவில் என்ன ஆனது, மருந்து நின்றால் என்ன ஆகும், இவ்வளவும் டாக்டர் வார்த்தையில் இருந்தால் போதும். குடும்பத்தினர் எழுதும்போது மன்னிப்புக் கேட்கிற தொனி வந்துவிடுகிறது, "என் மகன் தப்பு பண்ணிவிட்டான், தயவுசெய்து" என்று ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைக்கு எப்படி எழுதுவீர்களோ அப்படி எழுதுங்கள். கூடவே இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்த மருத்துவ அளவுகோலை வைத்து மறுத்தீர்கள், என் கோப்பின் நகல் எங்கே? இரண்டையும் இலவசமாகக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. சமத்துவச் சட்டத்தின் பெயரையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

போனில் பேசினால் தேதி, பேசியவர் பெயர், அந்த அழைப்புக்கு அவர்கள் தரும் குறிப்பு எண், மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்திடமே போட்ட இந்த உள் அப்பீலும் தோற்றால் வெளி மறுஆய்வு: இன்சூரன்ஸோடு சம்பந்தமில்லாத மருத்துவர் பார்ப்பார், அவர் சொல்வது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். கேட்க நான்கு மாதம் நேரம். முடிவுக்குச் சாதாரணமாக 45 நாள், அவசரமென்றால் 72 மணி நேரம், அவசரத்தில் இரண்டு அப்பீலையும் ஒரே சமயத்தில் ஓட்டலாம்.

யாரிடம் புகார் செய்வது?

இங்கேதான் ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். பெரிய கம்பெனிகளில் அட்டையில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், மருத்துவச் செலவுக்கான காசு கம்பெனியின் சொந்தப் பணமாக இருக்கும், இன்சூரன்ஸ்காரர் கணக்கு மட்டும் பார்ப்பார். அந்த மாதிரித் திட்டத்தின் மேல் மாநில இன்சூரன்ஸ் துறைக்கு அதிகாரம் கிடையாது, மாநிலச் சட்டமும் செல்லாது. கூட்டரசின் தொழிலாளர் துறையில் எப்சா என்ற பிரிவு இருக்கிறது, அங்கே ஆலோசகர்களிடம் போனில் பேசலாம். உங்கள் திட்டம் எந்த வகை என்று எச்.ஆர்.-இடம் "செல்ஃப் ஃபண்டடா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், எந்த மருந்துக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையே இல்லை.

கம்பெனியின் சொந்தக் காசில் ஓடாத திட்டம் என்றால் மாநில இன்சூரன்ஸ் துறை. மெடிகெய்ட் என்றால் "ஃபேர் ஹியரிங்" என்ற மேல்முறையீட்டு விசாரணை கேட்கலாம். 2018-ல் வந்த சப்போர்ட் சட்டத்தின்படி 2020 அக்டோபர் முதல் எல்லா மாநில மெடிகெய்ட்டும் இந்த மருந்துகளுக்குக் காப்பீடு தந்தாக வேண்டும், 2024-ல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

மெத்தடோனுக்கும் இதே கதையா?

கொஞ்சம் வேறு. இந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனை மருந்துக் கடையில் வாங்க முடியாது, அங்கீகாரம் பெற்ற கிளினிக்கில்தான் தருகிறார்கள், மருந்து, ஆலோசனை எல்லாம் சேர்த்து ஒரே பில். அந்த கிளினிக் உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்பதுதான் முழுக் கேள்வியும். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2020 ஜனவரியிலிருந்து இதற்குக் காசு கொடுக்கிறது.

மாத ஊசி கேட்டால் ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறார்கள்?

விலை ஒன்று. இன்னொன்று, அது மருந்துக் கணக்கா மருத்துவக் கணக்கா என்பதில் குழப்பம். சப்லொகேட்டைத் தப்பாக ரத்தக் குழாயில் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதால் நோயாளி கையில் கொடுக்கவே கூடாது. சிறப்பு மருந்தகத்திலிருந்து நேரே கிளினிக்குக்குப் போகும், அல்லது கிளினிக் தானே வாங்கி வைத்து ஊசி போட்டபின் பில் அனுப்பும். இரண்டில் எதற்கு உங்கள் திட்டம் காசு கொடுக்கும் என்று முதலிலேயே கேட்கவில்லையென்றால் மருந்துப் பிரிவு மருத்துவப் பிரிவைக் காட்டும், மருத்துவப் பிரிவு மருந்துப் பிரிவைக் காட்டும். அனுமதி கிடைத்து ஊசி போடும்வரை ஃபிலிமை விடாதீர்கள்.

என் மகனுக்கு 23 வயது, என் திட்டத்தில்தான் இருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரிந்துவிடுமா?

இதை அப்பாக்களும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். 26 வயது வரை பெற்றோர் திட்டத்தில் இருக்கலாம், செலவு விவரக் கடிதம் பெரும்பாலும் திட்டம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். 18 வயது முடிந்தவர் தன் விவரங்களைத் தன் முகவரிக்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்கலாம். தெரிந்தால் எனக்கு ஆபத்து என்று சொன்னால் நிறுவனம் ஒப்புக்கொண்டாக வேண்டும், கலிபோர்னியாவில் காரணமே சொல்ல வேண்டாம்.

கடிதத்தைப் பார்த்துவிட்ட அப்பா அம்மாவுக்கு என் வேண்டுகோள்: அதில் சபாக்ஸோன் என்று இருந்தால் உங்கள் பிள்ளை சிகிச்சையில் இருக்கிறான் என்று அர்த்தம். திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று கோபத்தில் சொல்லாதீர்கள்.

ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு இன்சூரன்ஸ் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

சரியான அளவில் எடுப்பவருக்கு அதில் போதை ஏறுவதில்லை. அவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பள்ளியில் விடுகிறார், காரோட்டுகிறார். எத்தனை வருடம் என்பது அவருக்கும் டாக்டருக்கும் இடையில் உள்ள விஷயம், சொந்தக்காரர்களுக்கும் அதில் இடமில்லை, இன்சூரன்ஸுக்கும் இல்லை.

டாக்டர் இன்சூரன்ஸே எடுப்பதில்லை, ரொக்கம் மட்டும் என்கிறார். மருந்துக்கும் அப்படியா?

இல்லை. டாக்டர் நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் அவர் எழுதும் மருந்துக்குத் தனியார் திட்டங்கள் பொதுவாகக் காசு கொடுக்கும். மெடிகெய்ட்டில் மட்டும் டாக்டர் அதில் பதிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மருந்தும் நிற்கும். 2022 டிசம்பர் வரை சபாக்ஸோன் எழுத டாக்டருக்குத் தனி அனுமதி எண் வேண்டியிருந்தது, அதனால் இப்படிப்பட்ட ரொக்க கிளினிக்குகளை விட்டால் பலருக்கு வேறு வழியில்லாமல் இருந்தது. அந்த விதி போய்விட்டது. இப்போது உங்கள் வழக்கமான குடும்ப டாக்டரே எழுதலாம், அவரிடம் கேளுங்கள்.

வேலை போய்விட்டது, இன்சூரன்ஸும் போகிறது.

வேலையில் இருந்த அதே திட்டத்தைச் சொந்தக் காசில் தொடர்கிற கோப்ராவில் சேர முடிவெடுக்க 60 நாள் இருக்கிறது, சேர்ந்தால் காப்பீடு நின்ற நாளிலிருந்தே கணக்கில் வரும், பிரீமியமும் அன்றிலிருந்து முழுசாகக் கட்ட வேண்டும். மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு இணையச் சந்தையில் வாங்கும் திட்டத்துக்கும் 60 நாள். மெடிகெய்ட்டுக்கு வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் எச்1பி-யில் இருப்பவர்களுக்கும், கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆகாத பெரும்பாலான பெரியவர்களுக்கும் அது கிடைக்காது. கடைசி நாளுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, திட்டம் அனுமதிக்கிற அளவுக்கு மருந்தை வாங்கி வையுங்கள்.

இடையில் கைக்காசில் வாங்க வேண்டி வந்தால் பிராண்டு ஃபிலிமைத் தொடாதீர்கள். புப்ரெனார்ஃபின் நாலொக்ஸோன் ஜெனரிக் மாத்திரை என்று டாக்டரிடம் புதுச் சீட்டுக் கேளுங்கள், விலை பல மடங்கு குறைவு. தள்ளுபடி அட்டையில் கடைக்குக் கடை விலை வேறுபடும், அதனால் போன் போட்டு மருந்து இருப்பில் இருக்கிறதா என்பதையும் விலையையும் சேர்த்தே விசாரியுங்கள். சில கடைகளில் இந்த மருந்தை அதிகம் வாங்கி வைப்பதில்லை. இருப்பு உறுதியான பிறகு சீட்டை அந்தக் கடைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.